ஸ்டேஜ் பந்தயத்தில் கடைசி நாள் வரை ஓட்டுவது எப்படி

எட்டு நாள் தேசிய சைக்கிள் டூர் ஒன்றில் முதல் முறை இறங்குபவர்கள் பலர் மூன்று நாள் பிரமாதமாக ஓட்டுவார்கள். நான்காம் நாள் மலையில் கூட்டம் அவர்களை விட்டுவிட்டுப் போய்விடும். மாலைப் பட்டியலில் பெயருக்கு எதிரே ‘முடிக்கவில்லை’ என்று இருக்கும். காரணத்தைத் தேடிப் போனால் அது இரண்டாம் நாள் மாலையில் கொண்டுபோய் விடும். முடிவுக் கோட்டைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை, வியர்வை ஊறிய ஷார்ட்ஸோடு பேருந்தில் உட்கார்ந்திருந்தார், இரவு பதினொன்றரைக்குப் படுத்தார். கால் நான்காம் நாள் ஓய்ந்தது என்றாலும் பந்தயம் இரண்டாம் நாள் மாலையே கைநழுவிவிட்டது.

இந்த வழிகாட்டி 5 முதல் 10 நாள் வரை நடக்கும் சாலை சைக்கிள் பந்தயத்துக்கானது. ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு ஸ்டேஜ். கோப்பை வெல்வதற்கு அல்ல, கடைசி நாள் தொடக்கக் கோட்டில் நிற்பதற்கு. அதைச் செய்யத் தெரிந்தவருக்குத்தான் மற்றதெல்லாம்.

கணக்கு எப்படி ஓடுகிறது

ஒவ்வொரு ஸ்டேஜின் நேரத்தையும் கூட்டி, மொத்தம் குறைவாக உள்ளவர் முன்னணியில் இருப்பார். அவருக்குத் தனி நிற ஜெர்சி. டூர் டி பிரான்ஸில் 1919-லிருந்து மஞ்சள், இத்தாலியின் ‘ஜீரோ டி இத்தாலியா’ பந்தயத்தில் 1931-லிருந்து இளஞ்சிவப்பு. ஸ்பிரிண்ட் (கோட்டை நோக்கிய முழு வேகப் பாய்ச்சல்) புள்ளிகள், மலைப் புள்ளிகள், இளம் வீரர் ஆகியவை தனித்தனிப் பட்டியல்கள். அணிப் பட்டியலுக்கு ஒவ்வொரு நாளும் அணியின் முதல் மூன்று பேரின் நேரம் கூட்டப்படும். ஆகவே அணியில் மூன்றாவதாக வருபவர் வழியில் சும்மா விட்டுக்கொடுக்கும் அரை நிமிடம் அணிக்கும் இழப்பு.

ஒரே கூட்டமாகக் கோட்டைக் கடக்கும் அனைவருக்கும் ஒரே நேரம்தான் பதிவாகும். கூட்டம் எங்கே ‘உடைந்தது’ என்பதைத்தான் நடுவர்கள் பார்க்கிறார்கள். வழக்கமாக ஒரு கூட்டத்தின் கடைசி வீரருடைய பின் சக்கரத்துக்கும் அடுத்தவருடைய முன் சக்கரத்துக்கும் இடையே ஒரு நொடி இடைவெளி விழுந்தால் புது நேரம். கூட்டமாக ஸ்பிரிண்டில் முடியும் என்று எதிர்பார்க்கப்படும் நாள்களில் இதை மூன்று நொடியாகத் தளர்த்துவது உண்டு. கடைசி 200 மீட்டரில் ‘நமக்கு ஸ்பிரிண்ட் இல்லையே’ என்று கால் மிதிப்பதை நிறுத்துபவர் பின்னால் வருகிற முப்பது பேருக்கும் சேர்த்து நேரத்தைத் தொலைக்கிறார். நொடிதானே என்று தோன்றினால், 1989 டூர் டி பிரான்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 3,200 கி.மீ.க்கு மேல் ஓட்டிய பிறகு வென்ற கிரெக் லெமாண்டுக்கும் இரண்டாவதாக வந்த லோரான் ஃபின்யோனுக்கும் இடையே இருந்தது 8 நொடி.

கடைசி 3 கி.மீ.க்குள் விழுந்தாலோ பஞ்சர் ஆனாலோ, அந்த நிமிடம் எந்தக் கூட்டத்தில் இருந்தீர்களோ அதன் நேரமே உங்களுக்கும் தரப்படும். மலை உச்சியில் முடியும் நாள்களுக்கும், ஒவ்வொருவராகக் கிளம்பித் தனியாக ஓட்டும் டைம் ட்ரையலுக்கும் இந்தச் சலுகை கிடையாது. சில நாள்களில் தூரத்தை 3 கி.மீ.க்கு மேலும் வைப்பார்கள். இது போன்ற எல்லாமே பந்தயக் கையேட்டில் இருக்கும். கையேட்டை முந்தின வாரமே படித்து, ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் ஐந்தே விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: மலை தொடங்கும் கிலோமீட்டர், சாலை குறுகும் அல்லது காற்றுத் திசை மாறும் இடம், உணவு வழங்கும் இடம், கடைசி 3 கி.மீ.யின் திருப்பங்கள், கால வரம்புச் சதவீதம். ஸ்டேஜ் அன்று அவற்றை ஒரு காகிதப் பட்டையில் எழுதி, மேலே டேப் ஒட்டி, ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மில் வையுங்கள். இருபது வரி எழுதினால் ஓட்டும்போது ஒன்றும் கண்ணில் படாது.

கால வரம்பு என்னும் கத்தி

வென்றவரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதத்தைக் கூட்டி வரும் நேரத்துக்குள் முடிக்காதவர் மறுநாள் இல்லை. வென்றவர் 4 மணி நேரத்தில் முடித்து, வரம்பு 8 சதவீதம் என்றால் உங்கள் கையில் இருப்பது 19 நிமிடம் 12 நொடி. ஸ்டேஜின் கடினத்துக்கும் சராசரி வேகத்துக்கும் ஏற்ப இந்தச் சதவீதம் மாறும். சமதள நாளில் குறைவு, மலை நாளில் அதிகம்.

மலையில் பின்தங்கியவர்கள் சேர்ந்து ஓட்டும் கூட்டத்துக்கு ‘க்ருப்பெட்டோ’ என்று பெயர். கடைசி நாள் வரை உங்களைக் கொண்டுசேர்க்கும் வண்டி அதுதான். முன்னணிக் கூட்டத்தை விட முடியாமல் மலை அடிவாரத்தில் பத்து நிமிடம் உயிரைக் கொடுத்து மிதித்துவிட்டு, பிறகு தனியாக மாட்டிக்கொள்வதுதான் புதியவர்களின் பொதுவான தவறு. முன்னால் இருக்கும் கூட்டமும் கிடைக்காது. பின்னால் வரும் கூட்டமும் உங்களைத் தாண்டும்போது அதில் ஒட்டிக்கொள்ளத் தெம்பு இருக்காது. எட்டாது என்று தெரிந்த நொடியே வேகத்தைக் குறைத்து, தாங்கக்கூடிய அழுத்தத்தில் ஏறிக்கொண்டே க்ருப்பெட்டோ வரும்வரை போங்கள்.

க்ருப்பெட்டோவின் எழுதாத விதி: ஏற்றத்தில் சீராக, யாரையும் உதிர்க்காத வேகத்தில், இறக்கத்திலும் சமதளத்திலும் கடுமையாக, எல்லோரும் மாறி மாறி முன்னால் வந்து. ஏற்றத்தில் இழந்ததைச் சமதளத்தில்தான் மீட்க முடியும், அதற்கு ஆள் வேண்டும். உதாரணமாக, இரண்டு மலைகளில் 7 நிமிடமும் 9 நிமிடமுமாக 16 நிமிடம் போய்விட்டது என்றால் மேலே சொன்ன வரம்பில் மிச்சம் 3 நிமிடம் சொச்சம். நடுவில் 30 கி.மீ. பள்ளத்தாக்கில் தனியாகப் போனால் அதுவும் கரையும். பெரிய கூட்டம் ஒன்று வரம்பைத் தாண்டினால் நடுவர்கள் சிலசமயம் சேர்த்துக்கொள்வார்கள். அதை நம்பி ஓட்டக் கூடாது. தனியாக வருபவருக்கு அந்தக் கருணை அநேகமாகக் கிடைப்பதில்லை.

பன்னிரண்டு வாரத் தயாரிப்பு

வாரத்துக்கு 10 முதல் 15 மணி நேரம் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் அதிகமாக ஓட்டுவதில் இங்கே பெரிய பயன் இல்லை. களைத்த காலோடு மறுநாளும் ஓட்டிப் பழகுவதே வேலை. முதல் நாலு வாரம் அடித்தளம், நீண்ட நிதானமான ஓட்டம். ஐந்தாம் வாரத்திலிருந்து தொடர்ந்து மூன்று நாள்: முதல் நாள் 8 நிமிடக் கடும் ஓட்டம் நான்கு முறை, இரண்டாம் நாள் ஏற்றங்களோடு 4 மணி நேரம், மூன்றாம் நாள் 3 மணி நேரம், அதன் கடைசி அரை மணி பந்தய வேகத்தில். பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் நான்கு நாள் தொடர். அதில் பந்தய நாள் உணவு, பந்தய நாள் தூக்கம், பந்தய நாள் உடை என எல்லாமே அப்படியே இருக்க வேண்டும். கடைசி 10–14 நாள் மொத்த நேரத்தைப் பாதியளவு குறையுங்கள். ஆனால் வேகமான குறுகிய ஓட்டங்களை விட்டுவிடாதீர்கள். முழுக்க ஓய்வெடுத்துவிட்டுப் போனால் முதல் நாள் கால் மரக்கட்டையாக இருக்கும்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு இதயத் துடிப்பை நம்பாதீர்கள். களைத்த உடலில் அதே உழைப்புக்குத் துடிப்பு 8–10 குறைவாகக் காட்டும். ‘இன்று சுலபமாக இருக்கிறதே’ என்று மீட்டர் ஏமாற்றும். உழைப்பை வாட்டில் காட்டும் பவர் மீட்டர் இருந்தால் அதைப் பாருங்கள், இல்லையென்றால் மூச்சைக் கேளுங்கள்.

சைக்கிள்: எண்கள்

முதலில் கியர், ஏனென்றால் இதில்தான் வீண் பெருமை உள்ளே வருகிறது. முன்னால் 36 பல், பின்னால் 28 பல் வைத்து நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் வேகம் சுமார் 11.5 கி.மீ. பின்னால் 34 பல் என்றால் சுமார் 9.5 கி.மீ. வீரரும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ என்றால், 10 சதவீத ஏற்றத்தில் முதல் வேகத்துக்குச் சுமார் 255 வாட், இரண்டாவதற்குச் சுமார் 210 வாட் தேவை. 210 வாட் உங்களுக்கு வசதியான உழைப்பு, 255 அல்ல என்றால், 28 பல்லில் சுற்று குறைந்து முட்டி நோக ஆரம்பிக்கும். எட்டு நாளில் முட்டிதான் முதலில் புகார் சொல்லும். மலை நாள் ஒன்று இருந்தாலே 11–34 கேசட் (பின் சக்கரப் பல்சக்கரத் தொகுப்பு) போடுங்கள்.

சர்வதேச விதிப்படி சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. டயர் 28 மி.மீ. போதும். 65 கிலோ எடையுள்ளவர் டியூப் போட்டால் முன்னால் 70, பின்னால் 75 பிஎஸ்ஐயில் தொடங்கலாம். டியூப்லெஸ் என்றால் 5 முதல் 8 குறைவு. மழை என்றால் இன்னும் 5 குறைவு. டயர் பக்கவாட்டிலும் விளிம்பிலும் எழுதியுள்ள உச்ச அழுத்தத்தைத் தாண்டாதீர்கள். புது டயரைப் பந்தயத்துக்கு முந்தின நாள் மாட்டாதீர்கள். இரண்டு மூன்று ஓட்டம் ஓட்டிப் பார்த்தால்தான் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தெரியும்.

சங்கிலித் தேய்மான அளவுகோல் 0.5 காட்டினால் மாற்றுங்கள். பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பே மாற்றிவிட வேண்டும்; பழைய கேசட்டில் புதுச் சங்கிலி வழுக்கினால் தெரிந்துகொள்ள அவகாசம் வேண்டுமே. பிரேக் டிஸ்க் தகடு 1.5 மி.மீ.க்கு மெலிந்திருந்தால் மாற்ற வேண்டும். ஸ்டெம் போல்ட்டுகள் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்; சரியான எண் அந்தந்தப் பாகத்தின் மேலேயே அச்சாகியிருக்கும். கார்பன் சீட்போஸ்ட்டுக்குக் கிரீஸ் போடாதீர்கள், அதற்கென்று உள்ள பேஸ்ட் போடுங்கள். கிரீஸ் போட்டது மெல்ல இறங்கும்; மூன்றாம் நாள் சீட் 6 மி.மீ. தாழ்ந்திருக்கும், முட்டி ஏன் வலிக்கிறது என்று தெரியாமல் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். சீட்போஸ்ட்டைச் சுற்றி ஒரு சின்ன டேப் ஒட்டி அளவைக் குறித்துவைத்தால் போதும்.

ஸ்பேர் சக்கரங்கள் அணியில் எல்லோருக்கும் பொருந்த வேண்டும்: ஒரே அச்சு, ஒரே டிஸ்க் விட்டம், ஒரே எண்ணிக்கையிலான கியர். 12 கியர் சைக்கிளில் 11 கியர் சக்கரம் மாட்டினால் கியர் எதிலும் நிற்காமல் தாவும். இதை முதல் நாள் மாலை நிதானமாகச் சரிபார்க்கலாம். பஞ்சர் ஆன பிறகு சாலையோரத்தில் கண்டுபிடிப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

ஸ்டேஜ் காலை

தொடக்கத்துக்கு 3 மணி நேரம் முன்னால் உணவு: உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் மாவுச்சத்து. 60 கிலோ ஆளுக்கு 150 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். நார்ச்சத்தும் கொழுப்பும் குறைவாக இருக்கட்டும். காய்கறி நல்லதுதான், ஆனால் அது பந்தய வாரத்துக்கு அப்புறம்.

எண் அட்டையை நாலு ஊசியில் குத்தினால் காற்றில் பாய்மரமாகிவிடும். ஒவ்வொரு அட்டைக்கும் ஆறு முதல் எட்டு ஊசி. ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, சைக்கிளில் உட்காரும் கோணத்தில் குனிந்து நிற்கும்போது வேறொருவர் குத்திவிட வேண்டும். நேராக நிற்கையில் குத்தினால் முதுகு வளையும்போது இழுக்கும். அட்டையை மடிப்பதும் வெட்டுவதும் அபராதம். நேரம் பதியும் டிரான்ஸ்பாண்டர் இல்லாமல் கோட்டைக் கடந்தால் முடிவு வருவதற்குள் உங்கள் பெயர் தேடப்படும். கையெழுத்து மேடை மூடும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கையெழுத்திடாமல் கிளம்பினாலும் அபராதம் உண்டு.

நீண்ட ஸ்டேஜுக்கு முன் வார்ம்-அப் தேவையில்லை, முதல் சில கிலோமீட்டர் வழிகாட்டும் காருக்குப் பின்னால் மெதுவாகவே போகும். அந்த மெதுவான பகுதியில்தான் முன்னால் நகர வேண்டும். கொடி அசைந்த பிறகு முதல் அரை மணி நேரம் பெரும்பாலும் நாளின் வெறித்தனமான நேரம். அப்போது பின்னால் இருந்தால் காரணம் தெரியாமலே களைத்துப்போவீர்கள். ஸ்டேஜ் குறுகியதாகவோ தொடங்கியதும் ஏற்றமாகவோ இருந்தால் மட்டும் 20 நிமிட வார்ம்-அப்.

கூட்டத்துக்குள்

சமதளத்தில் இன்னொருவருக்குப் பின்னால் ஒட்டி ஓட்டினால் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம். ஆனால் கூட்டத்தின் கடைசியில் அந்த மிச்சம் திருப்பங்களில் போய்விடும். முன்னால் உள்ளவர் திருப்பத்தில் 40-லிருந்து 30-க்குக் குறைத்தால் கடைசி ஆள் கிட்டத்தட்ட நின்றே கிளம்புவார். அவர் 40-க்கு ஏறி வருவதற்குள் முன்னால் உள்ளவர் 45-ல் போகிறார். ஆர்மோனியத் துருத்தி மாதிரி இழுப்பதும் அமுக்குவதும். ஆகவே கூட்டத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கில் இருங்கள். காற்றில் தலை நீட்டாத அளவுக்கு உள்ளே, துருத்தி உணராத அளவுக்கு முன்னே.

மலை வருவதற்கு 3–4 கி.மீ. முன்பே முன்வரிசைக்குப் போய்விடுங்கள். அதன்பின் ஏற்றத்தில் ஒவ்வொருவராகத் தாண்டிப் போக விட்டு, உச்சியை அடையும்போது கூட்டத்தின் வாலில் இருந்தால் போதும். கூட்டத்தை இழக்காமல் உழைப்பை மிச்சம் பிடிக்கும் எளிய தந்திரம் இது.

பக்கக்காற்று வேறு விளையாட்டு. காற்று வலப்புறமிருந்து வீசினால் காற்று படாத நிழல் முன்னவரின் நேர் பின்னால் இருக்காது, இடப்புறம் சாய்வாக இருக்கும். சாலையின் அகலத்தில் எத்தனை பேர் சாய்வாக நிற்க முடியுமோ அத்தனை பேருக்குத்தான் இடம். மீதிப் பேர் சாலை விளிம்பில் ஒற்றை வரிசையாக, நிழலே இல்லாமல் தொங்குவார்கள். அந்த வரிசையில் எங்கேயாவது ஒருவர் விட்டுவிட்டால் அவருக்குப் பின்னால் இருந்த எல்லோருக்கும் நாள் முடிந்தது. விளிம்பில் மாட்டியிருக்கிறீர்கள் என்றால் முன்னால் உள்ள கூட்டத்தைத் துரத்தாதீர்கள். உங்களோடு உள்ளவர்களைக் கூப்பிட்டு உடனே இரண்டாவது சாய்வரிசையைத் தொடங்குங்கள். கூச்சப்பட்டு யாராவது தொடங்கட்டும் என்று காத்திருக்கும் இரண்டு நிமிடத்தில் இடைவெளி நானூறு மீட்டராகிவிடும்.

இறக்கத்தில் ஃபிரேமின் மேல் குழாயில் உட்கார்ந்து குனிவதும், முன்கையை ஹேண்டில்பாரில் ஊன்றிக்கொள்வதும் 2021 ஏப்ரலிலிருந்து சர்வதேசப் பந்தயங்களில் தடை. டைம் ட்ரையலில் மட்டும் அதற்கான பாரில் முன்கையை ஊன்றலாம்.

பஞ்சர் ஆனால்

கையைத் தூக்குங்கள், பிரேக்கைப் பிடிக்காமல் மெல்லப் பின்னால் நழுவுங்கள். எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று முதல் நாள் விளக்கக் கூட்டத்தில் சொல்லியிருப்பார்கள். எதிர்ப்பக்கம் நின்றால், பின்னால் வரும் உங்கள் அணிக் கார் உங்களைத் தாண்டிப் போய்விடும். பின் சக்கரம் என்றால் நிற்பதற்குள் சங்கிலியைக் கடைசிச் சின்னப் பல்லுக்கு இறக்குங்கள். மெக்கானிக் வரும்வரை சக்கரத்தைக் கழற்றத் தொடங்கலாம், ஆனால் சக்கரம் வெளியே இருக்கும்போது டிஸ்க் பிரேக் லீவரை அமுக்கவே கூடாது. பிரேக் பேடுகள் ஒட்டிக்கொண்டு புதுச் சக்கரம் உள்ளே போகாது. பதற்றத்தில் கை தானாக அங்கேதான் போகும்.

அணிக் கார் பின்னால் மாட்டியிருந்தால் பொதுச் சேவைக் காரிலிருந்து சக்கரம் வாங்குங்கள். அதைத் திரும்பக் கொடுப்பது உங்கள் மெக்கானிக்கின் பொறுப்பு. இப்போது திரும்பிச் சேர வேண்டும். கார் வரிசைக்கு இடையே ஒவ்வொரு காராகத் தாவி முன்னேறுவதைப் பழுது பார்த்துத் திரும்புபவருக்கு ஓரளவு பொறுத்துக்கொள்வார்கள். தண்ணீர்ப் பாட்டிலை வாங்கும் சாக்கில் கையை விடாமல் காரைப் பிடித்துக்கொண்டே போவதை அப்படிப் பொறுக்க மாட்டார்கள். அபராதம், நேரத் தண்டனை, நீக்கம் என்று ஏறிக்கொண்டே போகும். காருக்குப் பின்னால் ஓட்டும்போது பம்பரைப் பார்க்காதீர்கள், கண்ணாடி வழியாகக் காருக்கு முன்னால் உள்ள சாலையைப் பாருங்கள். முழு வேகத்தில் ஒரே மூச்சாகத் துரத்தாமல், இரண்டு கிலோமீட்டர் கூடப் போனாலும் சீராகத் துரத்துங்கள். ஏற்றம் தொடங்கும் முன் சேர்ந்தாக வேண்டும் என்றால் மட்டும் இந்த அறிவுரையை மறந்துவிடலாம்.

ஓட்டும்போது உணவு

மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து. குளுக்கோஸை மட்டும் எடுத்தால் குடல் மணிக்குச் சுமார் 60 கிராமுக்கு மேல் உறிஞ்சத் திணறும். ஃப்ரக்டோஸ் வேறு வாசல் வழியாக உள்ளே போவதால் இரண்டையும் 2:1 விகிதத்தில் கலந்தால் 90 வரை போகலாம். விலையுயர்ந்த பொடி தேவையில்லை. மால்டோடெக்ஸ்ட்ரின் (உடலில் முழுக்கக் குளுக்கோஸாக மாறும் மாவுப் பொடி) ஒரு பங்கு, சர்க்கரை இரண்டு பங்கு சேர்த்தால் கணக்கு சரியாக 2:1 வரும், ஏனென்றால் சர்க்கரையே பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். 500 மி.லி. பாட்டிலுக்கு 15 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரின், 30 கிராம் சர்க்கரை, 1 கிராம் உப்பு. அந்த உப்பில் சோடியம் சுமார் 400 மி.கி. இதே பாட்டிலில் 80 கிராம் கரைத்தால் வயிறு அதைக் கீழே இறக்காமல் வைத்துக்கொள்ளும்; குமட்டல் வரும். வெயில் நாளில் இனிப்புப் பாட்டிலோடு வெறும் தண்ணீர்ப் பாட்டிலும் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

மீதி திட உணவு. பெரிய அணிகள் இன்றும் கையில் சுற்றித் தருவது அரிசிக் கட்டி. ஒட்டும் தன்மையுள்ள குட்டை அரிசி 300 கிராமை இரண்டு மடங்கு தண்ணீரில் குழைய வேகவைத்து, 60 கிராம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து, தட்டில் 2 செ.மீ. கனத்துக்கு அமுக்கி, ஆறியதும் பத்துத் துண்டாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் சுமார் 30 கிராம் மாவுச்சத்து. ஃபாயிலில் சுற்றி, ஒரு முனையைத் திருகி விடுங்கள். கையுறையோடு பிரிக்க வேண்டுமே. வெந்த அரிசியைச் சமையல் மேடையில் இரவு முழுக்க விடக் கூடாது. வேகவைத்தாலும் சாகாத பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் அறை வெப்பத்தில் பெருகி நச்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. ஆறியதும் குளிர்பெட்டி, காலையில் எடுத்தது மாலைக்குள் மீந்தால் குப்பை.

முதல் துண்டை 20-ஆவது நிமிடத்தில் சாப்பிடுங்கள், பசிக்காக நிற்காதீர்கள். கடைசி 20 கி.மீ.யில் காரிலிருந்து உணவு வாங்கப் பெரும்பாலும் தடை இருக்கும் என்பதால் கடைசி ஜெல் (பிழிந்து சாப்பிடும் மாவுச்சத்துப் பாகு) சட்டைப் பையில் இருக்க வேண்டும். உணவு வழங்கும் இடத்தில் சுவான்யர் (அணி உதவியாளர்) நீட்டும் பையின் பட்டையைக் கையால் பற்றாமல், முழங்கை வளைவில் மாட்டிக்கொள்ளுங்கள். குப்பையைக் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வீசலாம்.

கோட்டுக்கு அப்பால்

இங்கிருந்துதான் மறுநாள் ஸ்டேஜ் தொடங்குகிறது. கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நிற்காமல் ஐந்து பத்து நிமிடம் இலகுவாக மிதியுங்கள். ஊக்கமருந்துச் சோதனைக்கு உங்கள் எண் வந்திருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். வழியில் விலகியவருக்கும் அந்தக் கடமை உண்டு. பார்க்கவில்லை என்பது சாக்காக ஏற்கப்படாது.

பிறகு, முதல் அரை மணிக்குள் 60 கிலோ ஆளுக்கு 60 கிராம் மாவுச்சத்து, 20–25 கிராம் புரதம், அடுத்த ஒரு மணியில் இன்னொரு 60 கிராம். பசியே இருக்காது, அப்போது குடிக்கிற வடிவில் எடுங்கள். நாளின் கணக்கு: காலை 150, சைக்கிளில் 4 மணி நேரத்துக்கு 300, முடித்தபின் 120, இரவு 120. மொத்தம் 690 கிராம். இதில் ‘முடித்தபின்’ என்ற வரியைத்தான் எல்லோரும் தவற விடுகிறார்கள், இரவு உணவில் ஈடுகட்டலாம் என்று நினைத்து. இரவில் அவ்வளவையும் ஒரே மூச்சில் அள்ளினால் வயிறு உப்பி, தூக்கம் கெடும். ஸ்டேஜுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் மாலைக்குள் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர், உப்போடு.

ஈர ஷார்ட்ஸைக் கோட்டைத் தாண்டிய பத்தாவது நிமிடத்தில் கழற்றிவிடுங்கள். சீட் புண் என்பது சின்ன விஷயம் மாதிரி தோன்றும். இரண்டாம் நாள் ஒரு சிவப்புப் புள்ளி, நான்காம் நாள் சாய்ந்து உட்காருவீர்கள், ஐந்தாம் நாள் அந்தச் சாய்வினால் இடுப்பு வலி, ஆறாம் நாள் விலகல். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலரவிட்டு, ஒவ்வொரு நாளும் துவைத்த ஷார்ட்ஸ், காலையில் களிம்பு. எட்டு நாளுக்குக் குறைந்தது மூன்று ஷார்ட்ஸ். முடியைச் சவரம் செய்ய நினைத்தால் பந்தய வாரத்தில் வேண்டாம். நுண்ணிய வெட்டுகள்தான் கிருமிக்கு வாசல்.

விழுந்து தோல் உரிந்திருந்தால் சுத்தமான நீரும் சோப்பும் கொண்டு மணல் துகள் ஒன்று விடாமல் எடுங்கள். பிறகு காயத்தில் ஒட்டாத ஈரப்பதக் கட்டு. காய்ந்து பொருக்குத் தட்ட விட்டால் இரவில் போர்வையோடு ஒட்டும், மறுநாள் மூட்டை மடக்கும்போது வெடிக்கும். தலையில் அடிபட்டு மயக்கமோ குழப்பமோ வாந்தியோ இருந்தால் பந்தயம் அங்கேயே முடிந்தது, மருத்துவர் சொல்வதே சட்டம். ஹெல்மெட் அடிபட்டிருந்தால் விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றுங்கள்.

களைத்தவருக்கு ‘ஒரு குளுக்கோஸ் ட்ரிப் போட்டுக்கொள்ளலாமே’ என்று அக்கறையாகச் சொல்பவர் எங்கேயும் ஒருவர் இருப்பார். 12 மணி நேரத்தில் 100 மி.லி.க்கு மேல் நரம்பு வழியாக எதை ஏற்றினாலும் ஊக்கமருந்துத் தடை விதியை மீறியதாகும், அது வெறும் உப்பு நீராக இருந்தாலும். முறையான மருத்துவமனைச் சிகிச்சை போன்ற சில சூழல்கள்தான் விலக்கு. சளி மாத்திரையில் தடைப் பட்டியலில் உள்ள சூடோஎபெட்ரின் இருக்கலாம், வலி மருந்து டிராமடால் 2024 ஜனவரியிலிருந்து பந்தயக் காலத்தில் தடை. எந்த மாத்திரையையும் அணி மருத்துவரிடம் காட்டாமல் விழுங்காதீர்கள்.

மாலையில் சைக்கிளுக்கு அரை மணி. கழுவுங்கள், சங்கிலியைத் துடைத்து எண்ணெயிடுங்கள், டயரைக் கட்டைவிரலால் சுற்றிலும் தடவிக் கண்ணாடிச் சில்லு இருக்கிறதா பாருங்கள், பேட்டரி சார்ஜ் போடுங்கள். அன்று விழுந்திருந்தால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: பின் டிரெய்லூரை (சங்கிலியைக் கியருக்குக் கியர் நகர்த்தும் பாகம்) ஃபிரேமோடு இணைக்கும் ஹேங்கர். லேசாக உள்பக்கம் வளைந்திருந்தால் நடுக் கியர்களில் எதுவும் தெரியாது. மறுநாள் முதல் மலையில் பெரிய பல்லுக்கு ஏற்றும்போது டிரெய்லூர் ஸ்போக்குக்குள் போய், சக்கரமும் ஃபிரேமும் சேர்ந்து போகும். ஸ்டாண்டில் வைத்துப் பெரிய பல்லுக்கு மெல்ல ஏற்றி, இடைவெளியைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள். தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறைய வேண்டாம். போன் அறைக்கு வெளியே.

டைம் ட்ரையல் நாளும் ஓய்வு நாளும்

முன்னணிக்குப் போட்டியிடாதவருக்கு டைம் ட்ரையல் என்பது பாதி ஓய்வு நாள். வரம்பு சாலை ஸ்டேஜைவிடத் தாராளம்; 20 நிமிடத்தில் வென்றவருக்கு 25 சதவீதம் என்றால் உங்களுக்கு 5 நிமிடம் இருக்கிறது. அதற்காகப் பூங்காவில் போவது போலப் போகாதீர்கள், எண்பது சதவீத உழைப்பு போதும். சைக்கிளை அளவுப் பலகையில் சோதிப்பார்கள் என்பதால் கால் மணி நேரமாவது முன்னதாகப் போங்கள். தாமதமாக வந்தால் கடிகாரம் காத்திருக்காது. பின்னாலிருந்து வந்து தாண்டிப் போகிறவரின் நிழலில் ஒட்டினால் நேரத் தண்டனை.

ஓய்வு நாள் இருந்தால் முழுக்கப் படுத்துக் கிடக்காமல் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் இலகுவாக ஓட்டி, நடுவில் மூன்று நான்கு முறை ஒரு நிமிட வேகம். சாப்பாட்டை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், முழுக்க நிறுத்திவிடாமல்.

கடைசி நாள் பெரும்பாலும் நகரச் சுற்று. வேகம் அதிகம், திருப்பம் அதிகம், பொறுமை குறைவு. ஒரு வாரக் களைப்போடு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நுழைகிற மூலைகள் இருக்கும். முதல் மூன்றில் ஒரு பங்கில் இருங்கள் என்ற பழைய பாடம்தான். கோட்டைத் தாண்டியதும் சோதனைப் பட்டியலைப் பாருங்கள், டிரான்ஸ்பாண்டரைக் கழற்றிக் கொடுங்கள். திருப்பித் தராததற்கான அபராதக் கட்டணம் அணிக்குத்தான் வரும்.